சத்தம் சாகிற திசை

எண்பதுகளின் தொடக்கம். மார்கழி முடிந்து தை பிறக்கப் போகிற சமயம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில், லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில், எங்கள் அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ரேடியோ பொறியாளர். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பலாமா என்று ஆபீசில் பெரிய விவாதமே நடந்தது. என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று சண்டை போட்டு வந்தேன். சண்டை போடுவது எனக்கு அந்த வயதில் காபி குடிப்பது போல. காலையில் ஒன்று ஆகாவிட்டால் தலை வலிக்கும்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். சாதாரண ரேடியோ நிலையம் தன் முழு பலத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசும். நாம் முள்ளைத் திருப்பி அந்த இடத்துக்குப் போய்க் கேட்போம். நாங்கள் சோதித்தது வேறு மாதிரி. ஒரே செய்தியை அகலமான அலைவரிசை முழுக்க மெல்லிசாகப் பரப்பி அனுப்புவது. ஒரு பிடி கோலமாவை வாசல் முழுக்கத் தூவிவிட்டு, ஒரு பொட்டு விடாமல் திரும்பக் கூட்டி அள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தூரத்து ஊர் ஒன்றிலிருந்து எங்கள் ஆட்கள் தூவுவார்கள். ஏரிக்கரையில் நாங்கள் அள்ள வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் யாராவது ஒரே இடத்தில் நின்றுகொண்டு விசிலடித்தால், ரிசீவர் அந்த விசிலை மட்டும் கேட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் செவிடாகிவிடும். அப்படிப்பட்ட ஒற்றை விசிலைத் தானாகக் கண்டுபிடித்து, அந்த ஒரு கீற்றை மட்டும் கத்தரித்துத் தள்ளிவிட்டு மீதியைக் கேட்கிற வடிகட்டி ஒன்றைச் செய்வதுதான் என் பொறுப்பு. கவனியுங்கள், விசிலடிப்பவரைப் போய்ப் பிடிப்பது என் பொறுப்பே இல்லை.

வந்த முதல் வாரத்திலேயே விசில் வந்துவிட்டது. எங்கள் செய்தி திரையில் குட்டைப் புல் மாதிரி சீராகத் தெரியும். அதன் நடுவில் ஒரு நாள் விடியற்காலையில் ஒற்றைப் பனைமரம் மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. வெயில் ஏறியதும் போய்விட்டது. மறுநாள் இல்லை. அதற்கு அடுத்த நாள் இருந்தது. பிறகு நாலு நாள் இல்லை. வந்தால் விடிந்த கையோடு வரும், எட்டு எட்டரைக்குள் மறையும். சும்மாவும் நிற்காது, வெயில் படப்பட மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். நான் ஓரிடத்தில் கத்தரி வைத்தால் அது பக்கத்தில் போய் நிற்கும். என் கத்தரி நல்ல புல்லை வெட்டிவிட்டு அசடு வழியும்.

ஆறு வாரம் இப்படியே போயிற்று. எங்கள் நோட்டில் தேதி, நேரம், வானிலை, இடையூறு என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. ஒழுங்காக நிரப்பினேன். அந்தக் கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வேண்டாத மாமியாரின் குறைகளைக்கூட ஒருத்தி அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்க மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பெரிய அதிகாரி சென்னையிலிருந்து சோதனையைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பனி என்றால் அப்படி ஒரு பனி. நான் தங்கியிருந்தது ஏரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காடு ஊருக்குள். தினமும் படகில்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். தண்ணீரில் வரிசையாக நட்டிருந்த கம்புகளைத் தடவித் தடவித்தான் படகுக்காரர் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். கொட்டகைக்குள் நுழைந்து திரையைப் பார்த்தால், நடுவில் பனைமரம். எனக்கு வந்த கோபத்தை என்னத்தைச் சொல்ல! "இன்றைக்கு அவனா நானா பார்த்துவிடுகிறேன்" என்று திசை கண்டுபிடிக்கும் வளையத்தையும் சின்ன ரிசீவரையும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னோடு வேலை பார்த்த டெக்னீஷியன் சாதுவான மனிதர். "மேடம், வடிகட்டியையே இன்னும் ஒருவாட்டி..." என்று இழுத்தார். நான் முறைத்த முறைப்பில் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சுற்றித் திருப்பினால் ஒரு கோணத்தில் சத்தம் பலமாகக் கேட்கும், ஒரு கோணத்தில் சுத்தமாக அடங்கிப்போகும். பலமான இடத்தைவிட, அடங்குகிற இடம்தான் துல்லியமாகத் திசை காட்டும். சத்தம் செத்துப்போகிற திசையில் நடந்தால் அதை அனுப்புகிறவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நடந்தேன். பனியில் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கருவாடு காயப் போட்டிருந்த வலையை மிதித்து, கவிழ்த்து வைத்திருந்த கட்டுமரத்தில் முழங்காலை இடித்து, குப்பத்தின் கடலோரக் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முகத்துவாரம், அதாவது ஏரி கடலோடு சேருகிற வாய், அங்கிருந்து கூப்பிடு தூரம்.

குடிசைக்கு வெளியே இரண்டு சவுக்குக் கம்பங்கள். நடுவில் நீளமாக ஒரு செம்புக் கம்பி. கம்பியின் நுனி இறங்கிய இடத்தில் ஓர் ஈரச்சாக்கு மூடியிருந்தது. சாக்குக்குப் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கைத் தூக்கினேன். உள்ளே ஒரு பிஸ்கட் டின், ஒரு பழைய கார் பேட்டரி. டின்னுக்குள் நாலைந்து பாகங்கள், மூங்கில் துண்டில் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். சாட்சாத் டிரான்ஸ்மிட்டர்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் கடற்கரை என்றாலே கடத்தல் பேச்சுதான். எனக்கும் புத்தி அங்கேதான் போயிற்று. சாக்குப் போட்டு மறைத்து வைத்திருக்கிறாளே!

"இது என்ன? யார் கொடுத்தார்கள்? யாருக்குச் சமிக்ஞை அனுப்புகிறாய்?" என்று ஆரம்பித்தேன்.

"ரேடியோ பாய் குத்தாரு" என்றாள். அவ்வளவுதான்.

"எதுக்கு?"

முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருந்தால் போலீஸ் வரும், ஜெயில் என்றெல்லாம் பொரிந்தேன். அவள் கண் கலங்கிற்றே தவிர வாய் திறக்கவில்லை. கேட்கக் கேட்கப் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குனிந்து டின்னில் கை வைத்தேன். அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்மா. உங் கால்ல வேணா வுழறேன். வெயிலு வரட்டும். வெயிலு வந்ததும் நீயே எத்துக்கினு போய்டு, நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

"ஏன் வெயில் வர வேண்டும்? அதற்குள் யார் வரப்போகிறார்கள், அதைச் சொல்லு!"

இந்தக் கேள்வியில் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கையை விட்டுவிட்டாள். நான் அதைக் குற்றவாளியின் முகம் என்று எடுத்துக்கொண்டேன். சுருளைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். மூங்கிலோடு கையில் வந்தது. வருகிற வேகத்தில் கம்பி அவிழ்ந்து பாதிச் சுற்றுகள் மணலில் உதிர்ந்தன. அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, படையெடுத்து ஜெயித்த ராணி மாதிரி திரும்பி நடந்தேன். பின்னால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அவள் என்னைத் திட்டக்கூட இல்லை.

கொட்டகையில் திரை துடைத்து வைத்தது போல இருந்தது. புல், புல், புல் மட்டும். டெக்னீஷியன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பெரிய அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பாதி டீ குடித்திருப்பேன். வாசலில் ஆள் ஓடி வரும் சத்தம்.

பழவேற்காடு ஊருக்குள் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் அவர்; அன்றைக்கு விடியற்காலையிலேயே ஒரு வேலையாகக் குப்பத்துக்கு வந்திருந்தாராம். நாற்பது வயதிருக்கும். லுங்கி முழங்கால் வரை நனைந்து, மூச்சு இரைக்க நின்றார். கையில் ஒரு டிரான்சிஸ்டர்.

"யம்மா, இங்க இன்னா நடக்குது? குப்பத்துப் பொட்டி நின்னுபூட்ச்சு. ஆபீசரம்மா வந்து புடுங்கிக்கினு போய்ட்டாங்கன்னு அந்தப் பொண்ணு அழுவுது. மெய்யா?"

"மெய்தான்" என்றேன், விறைப்பாக. "சட்டப்படி தப்பு. யாருக்குச் சமிக்ஞை கொடுக்கிறீர்கள்?"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! கடல்ல போனவங்களுக்கும்மா. அஞ்சு படகு வெளியில கீது. பனி வுழுந்தா லைட்ஹவுஸ் தெரியுமா? பகல்ல அதுல வெளக்கும் இல்ல. முகத்துவாரத்த வுட்டு கொஞ்சம் ஒதுங்குனா மணல்மேட்டு அலை. படக கவுத்துரும். அதுக்காவ நான் செஞ்ச பொட்டிம்மா அது."

சொல்லிக்கொண்டே அவர் தன் டிரான்சிஸ்டரைக் கையில் வைத்துப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். முன்னால் போகிற படகில் இதே மாதிரி ஒரு டிரான்சிஸ்டரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பார்கள். முள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு. முள்ளை அங்கே வைத்தால் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். டிரான்சிஸ்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ரீங்காரம் செத்துப்போகும். "சத்தம் சாவுற தெசதாம்மா வூடு" என்றார் பாய். மற்ற நாலு படகும் தகரம் தட்டிக்கொண்டே அந்தப் படகின் பின்னால் வந்து சேரும்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே வித்தையை வைத்துத்தானே அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன்! எனக்கு அரசாங்கம் வாங்கிக் கொடுத்த வளையம். அவர்களுக்கு டிரான்சிஸ்டருக்குள் ஏரியலாக இருக்கிற ஒரு குச்சி. இரண்டும் ஒரே கணக்கு. மேஜை மேல் கிடந்த நோட்டைப் புரட்டினேன். இடையூறு என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு நாளுக்கும் நேராக, வானிலைக் கட்டத்தில், என் கையெழுத்திலேயே, பனி என்று இருந்தது. பனி. பனி. பனி. ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு கட்டத்தையும் நான்தான் நிரப்பினேன். இரண்டையும் சேர்த்து ஒரு நாள் படித்ததில்லை.

"அந்த அம்மா ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்..." என்று இழுத்தேன்.

"எப்டிம்மா சொல்லும்? ஊட்டுக்காரரு படகுல கீறாரு. படகு வெளிய இருக்கசொல்ல, வயி தவறும், வருவாங்க, வரமாட்டாங்கன்னு எதுவும் கரையில நின்னு வாயில எடுக்கமாட்டாங்க. அந்தப் பேச்சு பேசுனா பலிச்சிடும்னு இவுங்களுக்கு பயம். யாரு வரப்போறாங்கன்னு நீ கேட்டியாமே, அதுக்கே அது ஆடிப்பூட்ச்சு."

சுருள் என் மேஜையில் குப்பையாகக் கிடந்தது. புதிதாகச் சுற்றி, சரியான இடத்துக்குக் கொண்டுவர ஒரு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் இல்லை. கொட்டகையில் பேட்டரியில் ஓடும் ஒரு சோதனைக் கருவி இருந்தது. எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த இடத்தில் நின்று 'ஙீ' என்று பாடும். எங்கள் ரிசீவரைச் சரிபார்க்க அதுதான் வழி. பெரிய அதிகாரி வருகிற நேரத்தில் அது இல்லாவிட்டால் சோதனை படுத்துவிடும். "மேடம், சார் வருவாரே" என்றார் டெக்னீஷியன். "வந்தால் உண்மையைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கருவியை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

"இங்கிருந்தே அனுப்பக் கூடாதா?" என்று அவர் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. கூடாது. படகுகள் சத்தம் வருகிற இடத்துக்குத்தான் வரும். கொட்டகைக்கு நேராக வந்தால் மணல்மேட்டு அலையில் போய்ச் சிக்கும். முகத்துவாரத்துக்கு வர வேண்டுமானால் அந்தக் குடிசையிலிருந்துதான் பாட வேண்டும். நானும் பாயும் மணலில் ஓடினோம். சேலை கட்டிக்கொண்டு மணலில், அதுவும் இடுப்பில் அந்தப் பெட்டியோடு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அந்தப் பெண் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து விலகி வழிவிட்டாள். பாயின் பெட்டி ஓர் எண்ணில் பாடினால், எதிரொலி மாதிரி அதே பாட்டு அதைப்போல் மூன்று மடங்கு எண்ணில், என் அலைவரிசையிலும் வந்து விழுந்திருக்கிறது. ஆகவே நான் ஆறு வாரம் திட்டித் திட்டி மனப்பாடம் செய்த எண்ணை மூன்றால் வகுத்தேன். கருவியைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்தினேன். பாயின் டிரான்சிஸ்டரில், சரியாகச் சிவப்புப் பொட்டின் மேல், சத்தம் வந்தது. பாய் தன் டின்னில் மீதியிருந்த பாகங்களை நடுவில் கோத்துக் கருவியின் பலத்தைக் கூட்டினார். செம்புக் கம்பியைப் பிடிக்கும் கவ்வி உடைந்திருந்ததால், அதை என் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாழ்க்கையில் எனக்கு வராத ஒரே வேலை அது.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கலாம். பனிக்குள்ளிருந்து அலைச் சத்தம் மட்டும் கேட்டது. விரல் மரத்துப்போயிற்று. நான் விட்ட இடைவெளியில் அவர்கள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்களோ, இந்நேரம் எங்கே இருக்கிறார்களோ என்று நினைக்க நினைக்க எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அந்தப் பெண் ஒரு குண்டான் தண்ணீரில் சாக்கை நனைத்துக் கொண்டுவந்து, என் கருவி மேல் போர்த்தினாள். நான் மறைப்பதற்கு என்று நினைத்தேனே, அந்தச் சாக்கு! பெட்டி சூடானால் சத்தம் பொட்டை விட்டு நகர்ந்துவிடும், ஈரச்சாக்குப் போடு என்று பாய் சொல்லிக் கொடுத்திருந்தார். என் கருவிக்கு அது தேவையே இல்லை. ஆனால் போடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் செய்வதற்கு அந்த ஒரு வேலைதானே இருந்தது.

முதலில் அவள் காதில்தான் விழுந்தது. சட்டென்று எழுந்தாள். கொஞ்சம் பொறுத்து எனக்கும் கேட்டது. டங், டங், டங். தகரம். பாய் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். பனியைக் கிழித்துக்கொண்டு முதல் படகின் மூக்கு முகத்துவாரத்துக்குள் வந்தது. பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் இரண்டு. ஐந்தாவது வர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் நான் அறிந்த சாமி பேர் அத்தனையும் சொல்லி முடித்திருந்தேன். ஐந்தாவதும் வந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

முதல் படகிலிருந்து குதித்தவர்தான் அவள் கணவர். கழுத்தில் பிளாஸ்டிக் பையில் டிரான்சிஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நேராகப் பாயிடம் வந்தார்.

"இன்னா பாய், நடுவுல பொட்டி பூட்ச்சா? சத்தமே இல்ல. அலை சத்தத்த வச்சு போய்டலாம்னு பசங்க சொன்னானுங்க. நான்தான் நங்கூரத்த போடு, பொட்டி பேசாம நவுரக்கூடாதுன்னுட்டேன். அப்புறம் வந்துச்சு பாரு, வேற சத்தம்! எப்பவும் வண்டு மாரி இருக்கும், இன்னிக்கு கொசு மாரி கத்துது. எனக்கு ரோசனையா பூட்ச்சு, நம்பளுதா இன்னான்னு. ஆனா செவப்பு பொட்டுலயே நிக்குது. சரி, நம்ப ஊடுதான்னு வந்துட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றிவிடலாம் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான்தாங்க நிறுத்தினேன். சுருளைப் பிடுங்கிக்கொண்டு போனது நான்தான்" என்றேன். அதற்கு மேல் பேச வராமல், அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். சண்டைக்காரி அழுதால் பார்க்கச் சகிக்காது. அந்த மனிதருக்குக் கோபம் வந்திருக்கும், வராமல் இருக்குமா? வாயைத் திறந்தவர், பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் என் பக்கத்தில் வந்து, கம்பியை இன்னும் விடாமல் பிடித்திருந்த என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

"வுடும்மா, வந்துட்டாங்க" என்றாள். படகுகள் கரை சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. பிறகு சொன்னாள்: "நீ கேட்டே, நான் சொல்லல. உம் மேல மட்டும் இன்னா தப்பு?"

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் சீக்கிரம் மறந்திருப்பேன். தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டதுதான் என்னை இத்தனை வருஷமும் விடவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் பனைமரம் இருந்ததையும், கருவி இல்லாததையும், நான் இல்லாததையும் பார்த்துவிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சஸ்பெண்ட் ஆவேன் என்று நினைத்தேன். அவர், "வடிகட்டி செய்யத்தானே உன்னை அனுப்பினேன்? போய் அதைச் செய்" என்றார். அவ்வளவுதான் மனிதர். ஊருக்கு முறையாக ஒரு வழிகாட்டிப் பெட்டி ஏற்பாடு செய்யச் சொல்லி மேலே கடிதம் எழுதினார் என்று பின்னால் தெரிந்தது.

அன்று சாயங்காலமே நானும் பாயும் அவர் கடையில் உட்கார்ந்து புதுச் சுருள் சுற்றினோம். மூங்கிலுக்குப் பதிலாக எங்கள் ஸ்டோரில் இருந்த நல்ல பீங்கான் உருளை ஒன்றைப் போட்டேன். சூட்டில் அவ்வளவாக நகராது. அரசாங்கச் சொத்தைத் திருடியதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மூன்று வாரம் வடிகட்டியோடு மல்லுக்கட்டினேன். கோடு நகர்ந்தால் கத்தரியும் கூடவே நகர வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஊரைத் திருத்தலாம் என்று அலைந்ததில் பாதி மூளை செலவாகியிருந்தது போலிருக்கிறது. அடுத்த பனிக் காலையில் பனைமரம் எழுந்தது. என் வடிகட்டி அதைக் கண்டுபிடித்தது. அந்த ஒரு நூல் அகலத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மீதிப் புல் முழுவதையும் அள்ளிக்கொண்டது. செய்தியில் ஓர் எழுத்து குறையவில்லை. டெக்னீஷியன் கை தட்டினார். நான் வாசலுக்கு வந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், தகரச் சத்தம் கேட்கிறதா என்று.

எனக்கு வயதாகிவிட்டது. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லாமல் நின்றால், இப்போதெல்லாம் நான் குரலை உயர்த்துவதில்லை, ஈரச்சாக்குக்குப் பக்கத்தில் முந்தானையைக் கவ்விய அந்த முகம் வந்துவிடும். ஆறு வாரம் இடையூறு, இடையூறு என்று நோட்டில் எழுதினேனே, அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது: கடலைப் பார்த்து உட்கார்ந்த ஒருத்தி, வாயால் சொல்லக் கூடாத 'வந்துடு' என்ற ஒரே சொல்லை, வெயில் வரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.